‘எங்கட சனம் திருந்தாது’ என்று சொல்லுகிறவர்களுக்கு

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். லீவில் வந்த மாமா திருநெல்வேலிச் சந்தியில் வாகனம் நிறுத்த இடமில்லாமல் இரண்டு தரம் சுத்தி வந்த பிறகு சொல்லுவார். ஐரோப்பாவுக்குப் போய் வந்த ஆசிரியர் வகுப்பில் சொல்லுவார். யூரியூப்பில் பயணக் காணொளி போடுகிற அண்ணாமார் ஏதோ ஒரு நகரத்துப் பாதசாரிக் கடவையில் நின்றுகொண்டு, “பாருங்கோ மக்களே, கால் வச்ச உடன வாகனம் நிக்குது. இதுதான் நாகரிகம். எங்கட சனம் நூறு வருஷம் போனாலும் திருந்தாது” என்பார்கள். கீழே ஐந்நூறு பேர் ‘உண்மை அண்ணா’ என்று எழுதியிருப்பார்கள். எழுதினவர்களும் எங்கட சனம்தான்.

அந்த வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. போன வருஷம் ஒருநாள் முழுக்க அம்ஸ்ரர்டாம் நகரத்தைக் காலால் நடந்து பார்த்தோம். பார்த்ததை வைத்துச் சொல்லுகிறோம்: அது பொய். அழகாகத்தான் இருக்கிறது அந்த நகரம், நாங்களும் வாயைப் பிளந்துகொண்டுதான் நடந்தோம். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த அழகு இரத்தத்தில் வந்த ஒழுக்கத்தால் ஆனதில்லை. ஒரு பங்கு மற்ற ஊர்களிலிருந்து அள்ளின காசு. இன்னொரு பங்கு அந்த ஊர்ச் சனம் தங்கட அரசோடு தெருவில் நின்று பிடித்த சண்டை. ‘அவை ஒழுக்கமான ஆக்கள்’ என்று சொல்லும்போது இரண்டையும் ஒரேயடியாக மறைத்துவிடுகிறோம்.

முதலில் எப்படிப் போனோம் என்று சொல்லிவிடுகிறோம். மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் இரண்டு கிழமை நெதர்லாந்து போகக் கிடைத்தது. நாலு பேர் விண்ணப்பித்தோம். மூன்று பேருக்கு விசா வந்தது. நாலாவது ஆள் காரைநகர்ப் பெடியன். அவன் திரும்பி வருவான் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். வங்கிக் கணக்கில் காசு குறைவு, பேரில் காணி இல்லை. இருபத்திரண்டு வயதில் ஆருக்குக் காணி இருக்கிறது?

கடைசி ஞாயிறு ஒன்றுதான் எங்களுக்கு வெறும் நாள். எங்களில் ஒருத்தியின் சித்தி நகரத்துக்கு வெளியே இருக்கிறா. அவவின் வீட்டில்தான் தங்கியிருந்தோம். காலமை புட்டும் சம்பலும் கட்டித் தந்து, “பிள்ளையள், வெளியில ஒண்டும் வாங்கிச் சாப்பிடாதேங்கோ, ஒரு கோப்பியின்ர விலைக்கு அங்க ஒரு நேரம் சாப்பிடலாம்” என்றா. வாசலில் நின்று இதையும் சொன்னா: “பாத்துப் படிச்சுக்கொண்டு வாங்கோ. இஞ்ச ஆக்கள் சட்டத்தை மதிக்கிறவை. எங்கட சனம்தான் திருந்தாது.” அந்த வசனம் அன்று முழுக்க எங்களோடு நடந்து வந்தது.

சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினோம். 1889இல் திறந்த கட்டடம். கடலை மறித்து மண் போட்டு உண்டாக்கின தீவின் மேல், ஆயிரக்கணக்கான மரக்குற்றிகளைச் சேற்றுக்குள் அறைந்து அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்த ஊரின் பழைய கட்டடங்கள் எல்லாமே குற்றியில்தான் நிற்கின்றன. வெளியே வந்து பத்து நிமிஷத்துக்குள் ‘சட்டத்தை மதிக்கிற ஆக்கள்’ என்ற கதை ஆட்டம் காணத் தொடங்கியது. சைக்கிள்காரர் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்பதில்லை. எங்களில் ஒருத்தன் சைக்கிள் பாதையில் கால் வைத்துவிட்டான். மணியடித்துக்கொண்டு வந்த ஒரு மனிசி டச்சு மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டு போனா. விளங்கவில்லை, ஆனால் நல்ல வார்த்தை இல்லை என்பது விளங்கியது. கால்வாய்களுக்குள் ஆக்கள் எறிகிற சைக்கிள்களைக் கிரேன் வைத்துத் தூக்க நகரம் தனியாக ஆள் வைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் தூக்குகிறார்களாம். சைக்கிளைக் குளத்துக்குள் தள்ளுகிற பெடியள் எங்கட ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

டம்றாக் வீதியால் நேரே நடந்தால் டம் சதுக்கம். அங்கே நிற்கும் அரண்மனை முதலில் அரண்மனையே இல்லை. 1655இல் திறந்த நகரசபை மண்டபம். அடியில் 13,659 மரக்குற்றிகள். இந்த எண்ணை அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்குவார்களாம். உள்ளே போக ரிக்கற் வேண்டும். நாங்கள் காசில்லாமல் பார்க்கக்கூடிய பின்பக்கம் போனோம். சுற்றுலாக் கூட்டம் முன்பக்கத்தோடு நின்றுவிடும், ஆனால் விஷயம் பின்பக்கத்து முகட்டில்தான் இருக்கிறது. கல்லில் செதுக்கிய ஒரு பெரிய முக்கோணம். நடுவில் அம்ஸ்ரர்டாம் ஒரு பெண்ணாக அமர்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் உலகத்தின் கண்டங்கள் தங்கட சரக்குகளைக் கொண்டுவந்து அவளிடம் சேர்க்கின்றன. ஆரும் துவக்கோடு நிற்கவில்லை, ஆரும் அழவில்லை. கண்டங்கள் தாமாக விரும்பிக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி.

அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தி கேட்டாள்: “இதுக்குள்ள எங்கட கறுவா எந்த மூலையில இருக்கும்?”

பதில் தேடித் தூரம் போகத் தேவையில்லை. அங்கிருந்து ஒரு சில நிமிஷ நடையில், ஊட ஹோக்ஸ்ட்ராட் என்ற ஒடுங்கின தெருவில், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் தலைமையகம் இருக்கிறது. கொம்பனி 1602இல் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் பதினேழு பேர் கொண்ட சபை. அதில் எட்டு இடம் அம்ஸ்ரர்டாமுக்கு. கப்பல் எங்கே போவது, கறுவாவுக்கு என்ன விலை, எந்தக் கோட்டைக்கு எத்தனை படையாள் என்பதெல்லாம் அவர்களுடைய மேசைக்கு வந்த விஷயங்கள். இன்று அந்தக் கட்டடம் அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். செங்கல் முற்றத்தில் சைக்கிள்கள் சாத்தியிருந்தன. நாங்களும் கலைப்பீடப் பிள்ளைகள் என்பதால் அந்த முற்றத்தில் நிற்க ஒரு மாதிரியாக இருந்தது. எங்கட ஊரின் தலைவிதி ஒரு காலத்தில் எழுதப்பட்ட வீட்டில் இன்று எங்கள் வயதுப் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள்.

தலைவிதி என்பது மிகையில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது இந்தக் கொம்பனி. தெற்கில் கறுவாப்பட்டை உரிக்கிற சாதிக் கடமைக்குள் சனத்தைக் கட்டிப்போட்டது, கறுவா மரத்தைச் சேதப்படுத்தினவனுக்கு மரணதண்டனை வரை வைத்தது இந்தக் கொம்பனி. வன்னியில் பிடித்த யானைகளை யாழ்ப்பாணத்தில் விற்றுக் காசாக்கியதும் அதுதான். 1659-61 காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது பசியில் கிடந்த தமிழ்ச் சனத்தை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி, கப்பலேற்றி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கொண்டுபோனதும் அதுவேதான்.

காரைநகர்ப் பெடியனுக்கு விசா கிடைக்கவில்லை என்று சொன்னோம் அல்லவா? ஒல்லாந்தர் எங்கட தீவுகளுக்குத் தங்கட நகரங்களின் பேரை வைத்தவர்கள். நெடுந்தீவுக்கு டெல்ப்ற், அந்தப் பேர் இன்றைக்கும் இருக்கிறது. புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். காரைதீவுக்கு, அதாவது இன்றைய காரைநகருக்கு, அம்ஸ்ரர்டாம். அவர்கள் ஆரிடமும் விசா கேட்காமல் வந்து, எங்கட ஊருக்குத் தங்கட ஊரின் பேரை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பேர் வைத்த ஊரின் பிள்ளை அந்தப் பேருக்குரிய நகரத்தை ஒருநாள் பார்க்கப் போவதற்கு வங்கிக் கணக்கும் காணி உறுதியும் காட்ட வேண்டும். அன்று இரவு இதைத் தொலைபேசியில் அவனிடம் சொன்னோம். “அப்ப நான் அம்ஸ்ரர்டாமிலதான்ரா இருக்கிறன். நீங்கள்தான் வெளிநாடு போயிருக்கிறியள்” என்றான்.

இதை எழுதினால் வரப்போகிற பின்னூட்டம் எங்களுக்குத் தெரியும். ‘எல்லாத்துக்கும் வெள்ளைக்காரனையே சாட்டாதேங்கோ, கொள்ளையடிச்ச காசில மட்டும் ஒரு நாடு முன்னேறுமோ?’ நியாயமான கேள்வி. எங்கட பதில் இரண்டு.

முதலாவது, எங்கட ஆக்களும் அந்தக் கொம்பனியின் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறார்கள். 1707இல் தேசவழமையைத் தொகுத்து எழுதியது ஒல்லாந்த அதிகாரி. எழுதினது சரிதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் பன்னிரண்டு தமிழ் முதலியார்கள். அந்தத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. ஒல்லாந்தர் அடிமைமுறையை எங்களுக்குப் படிப்பித்தார்கள் என்று சொன்னால் அதுவும் பொய். இருந்த கொடுமையை எடுத்து, சட்டமாக்கி, லாபம் பார்த்தார்கள். எங்கட பெரியவர்கள் சிலர் பக்கத்தில் இருந்து சரி பார்த்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது, கொள்ளைக் காசு கால்வாய் வீட்டைக் கட்டும். நடைபாதையைக் கட்டாது. அதற்கு வேறு கதை இருக்கிறது. அந்தக் கதையைத்தான் எங்கட பயணக் காணொளிகளில் ஒருத்தரும் சொல்வதில்லை.

ஊட ஹோக்ஸ்ட்ராட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் நியூமார்க்ற் சதுக்கம். பழைய நகரவாசல் ஒன்று நடுவில் நிற்கிறது. சுற்றிவரத் தேநீர்க் கடைகள், சாய்ந்துகொண்டு படம் எடுக்கிற ஆக்கள். இந்த இடத்தை ஊடறுத்து ஒரு பெரும் வாகனச் சாலை போடத்தான் திட்டம் இருந்தது. கீழே மெற்றோ ரயில், மேலே அகலமான வீதி. அதற்காக வீடுகளை இடித்தார்கள். இருந்த சனமும் வெறும் வீடுகளுக்குள் புகுந்து குடியிருந்த இளைஞர்களும் மறித்தார்கள். 1975 மார்ச்சில் பொலிஸ் தண்ணீர்ப் பீரங்கியோடும் கண்ணீர்ப்புகையோடும் வந்தது. ஒழுங்கான டச்சுக்காரர் பொலிசுக்குக் கல்லெறிந்தார்கள். அந்த வீடுகளை இழந்தார்கள், மெற்றோவும் ஓடியது. ஆனால் மேலே போட இருந்த பெருவீதி கைவிடப்பட்டது. திட்டமிட்டிருந்த மற்ற மெற்றோப் பாதைகளும் கைவிடப்பட்டன. இடித்த இடத்தில் பழைய தெருவின் அகலத்திலேயே திரும்ப வீடு கட்டினார்கள். இன்றைக்கு சிந்த் அந்தோனிஸ்பிரேஸ்ட்ராட்டில் நின்று ‘என்ன வடிவான ஒடுங்கின தெரு’ என்று செல்பி எடுக்கிறோம். அந்தத் தெரு ஒடுக்கமாக இருப்பது அந்தச் சனம் குழப்படி செய்ததால்.

பிறகு, வாகனம் ‘கால் வச்ச உடன நிக்குது’ என்பது. 1971இல் நெதர்லாந்தின் வீதிகளில் 3,000க்கும் அதிகமானோர் செத்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் பிள்ளைகள். அப்போது அந்த நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய ஒரு கோடியே முப்பது லட்சம். இலங்கையில் இப்போது பொலிஸ் கணக்கின்படி வருஷத்துக்கு 2,000க்கும் அதிகமானோர் வீதியில் சாகிறார்கள். எங்கட சனத்தொகை இரண்டு கோடிக்கு மேல். ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டால் 1971இன் ஒல்லாந்து இன்றைய இலங்கையை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொலைகார வீதிகளை வைத்திருந்தது. அதே இரத்தம், அதே மொழி, அதே ‘நாகரிகம்’. எங்கட அப்பப்பா காலத்துக் கதையும் இல்லை இது. எங்கட அம்மாமார் பிறந்த காலத்துக் கதை.

அப்போது அந்தச் சனம் ‘எங்கட சனம் திருந்தாது’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கவில்லை. தன் மகளை வீதியில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதினார். ‘பிள்ளைக் கொலையை நிறுத்து’ என்று ஓர் இயக்கமே அதிலிருந்து கிளம்பியது. தாய்தகப்பன்மார் வீதியை மறித்தார்கள். அம்ஸ்ரர்டாமின் டி பைப் என்ற நெருக்கமான தொழிலாளர் பகுதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே விளையாட இடம் கேட்டுத் தங்கட தெருவை வாகனத்துக்கு மூடினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனம் ஓடக்கூடாது என்றபோது, வாகனம் இல்லாத வீதி எப்படி இருக்கும் என்று நாடே கண்ணால் கண்டது. சைக்கிள்காரர் சங்கம் 1975இல் வந்தது. 1976இல் வாகனத்தை விட நடப்பவருக்கு முதலிடம் கொடுக்கும் குடியிருப்புத் தெரு என்பது சட்டத்துக்குள் ஏறியது. 2023 டிசம்பரில்தான் அம்ஸ்ரர்டாமின் பெரும்பாலான வீதிகளில் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றராகக் குறைந்தது. ஐம்பது வருஷச் சண்டை, இன்னும் முடியவில்லை.

இன்னொன்றையும் கவனித்தோம். அங்கே வாகனம் ஓட்டுகிறவர் நல்லவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. தெருவின் வாயில் நடைபாதை அறுபடாமல் நேரே ஓடுகிறது. வாகனம்தான் ஏறி இறங்கிப் போக வேண்டும். செங்கல் பதித்த ஒடுங்கின வழியில் வேகமாக ஓடினால் வாகனம்தான் உடையும். மனத்தைத் திருத்தி அவர்கள் வீதியைத் திருத்தவில்லை. வீதியைத் திருத்தினார்கள், மனிசர் பிறகு பழகினார்கள். எங்களுக்கு என்ன நடந்தது? யுத்தம் முடிந்த பிறகு காபெற் வீதி வந்தது. வழுவழுவென்று, அகலமாக, பல இடங்களில் நடைபாதையே இல்லாமல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே புழுதியில் நடக்கிறார்கள். ஒரு பிள்ளை அடிபட்டால் ‘எங்கட சனத்துக்கு வீதியில போகத் தெரியாது’ என்கிறோம். நடைபாதை இல்லாமல் வீதியை வரைந்தவர் தப்பிவிடுகிறார். இந்த வசனம் யாருக்கு உதவுகிறது என்று இப்போது விளங்குகிறதா?

மத்தியானம் வேஸ்பர்ஸ்ட்ராட்டில் இருக்கும் பெயர்களின் நினைவிடத்துக்குப் போனோம். நாசிகள் கொண்டுபோய்க் கொன்ற யூதர்கள், ரோமா, சிந்தி மக்கள் 102,000க்கும் மேற்பட்டோர். ஒவ்வொருவருக்கும் ஒரு செங்கல். செங்கல்லில் பெயர், பிறந்த திகதி, சாகும்போது வயது. அயலவர்கள் வழக்குப் போட்டார்கள், வருஷக்கணக்காக இழுபட்டது. 2021இல்தான் திறந்தார்கள். பிணங்களின் சாம்பல் ஆறின பிறகும் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. அந்த மதில்களுக்கு இடையால் நடக்கும்போது நாங்கள் மூன்று பேரும் கதைக்கவில்லை. எங்கட நாட்டில் அதே 2021இன் ஜனவரியில், ஓர் இரவில், பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்குள் இருந்த நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் மழைக்குள் இருந்து போராடித்தான் அது திரும்ப எழும்பியது. நினைவுகூர இடம் வேண்டும் என்று கேட்டு நின்ற பிள்ளைகளையும் ‘படிக்கப் போன இடத்தில குழப்படி’ என்று சொன்ன பெரியவர்கள் எங்களுக்கு இருக்கிறார்கள். திருந்தாத சனம் ஆர் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அங்கிருந்து அம்ஸ்ரெல் ஆற்றைப் பாலத்தால் கடந்து ஹேரன்ஹ்ராக்ற் கால்வாய்க்கரையால் நடந்தோம். உலக மரபுரிமை என்று 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த வரிசை. 1613இல் தோண்டத் தொடங்கின கால்வாய்கள். பணக்காரப் பகுதியில் 502ஆம் இலக்க வீடு நகர மேயரின் உத்தியோகபூர்வ இல்லம். அதை 1672இல் கட்டுவித்தவர் அடிமை வியாபாரத்தில் பணம் பார்த்தவர். அதைச் சொல்லும் நினைவுக்கல் வாசலிலேயே இருக்கிறது. 2021 ஜூலை 1ஆம் திகதி அந்த நகரத்தின் மேயர் அடிமை வியாபாரத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2023இல் அரசரும் கேட்டார். அது தானாக வந்த பெருந்தன்மை இல்லை. சூரினாமிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறின கறுப்பின மக்கள் பல பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு வாங்கின மன்னிப்பு.

றைக்ஸ் மியூசியத்துக்குள் போகவில்லை, ரிக்கற் இருபது யூரோவுக்கு மேல். கண்டி அரண்மனையிலிருந்து 1765இல் கொம்பனிப் படை கொள்ளையடித்த பீரங்கி அங்கேதான் இருந்தது. இப்போது இல்லை. வாளும் கத்தியும் துவக்குகளுமாக அதோடு சேர்த்து ஆறு பொருட்கள் 2023இல் திரும்பி வந்து கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. உள்ளே போகாவிட்டாலும் மியூசியத்தின் வயிற்றுக்குள்ளால் போகலாம். கட்டடத்தின் கீழ் ஒரு குகைவழி, நடுவில் சைக்கிள் போகிறது, கரையில் ஒருத்தர் வயலின் வாசிக்கிறார். திருத்தவேலை நடந்த காலத்தில் மியூசியம் அந்த வழியைச் சைக்கிள்களுக்கு மூடிவிடப் பார்த்தது. சைக்கிள்காரர் விடவில்லை. 2013இல் திரும்பத் திறந்தார்கள். பின்னால் இருக்கும் பென்னம்பெரிய புல்வெளிக்கு நடுவால் ஒரு காலத்தில் அகன்ற வாகன வீதி ஓடியது. அதையும் எடுத்துவிட்டுத்தான் புல் வளர்த்தார்கள்.

அந்தப் புல்லில் இருந்துதான் சித்தியின் புட்டைச் சாப்பிட்டோம். ஒருத்தரும் வந்து ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எங்களில் ஒருத்தி, “ஒரு பொம்பிளப் பிள்ளை சும்மா ஒரு இடத்தில இருக்கிறதுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லாத முதல் நாள் எனக்கு இதுதான்” என்றாள். இதையும் எழுதத்தான் வேண்டும். எங்கட ஊரில் ஒரு பெட்டை தனிய நடந்தால் ஒழுங்கைக்கு ஒழுங்கை கண் இருக்கும், ஏழு மணிக்குப் பிறகு வெளிச்சம் இராது. அதைக் கொம்பனியின் தலையில் கட்ட முடியாது. அது எங்கட கணக்கு. ஆனால் அதையும் ‘சனத்தின் குணம்’ என்று விட்டுவிட்டால் விளக்குப் போட வேண்டிய சபையும், வாயை மூட வேண்டிய சந்திக் கூட்டமும் நிம்மதியாக இருக்கும்.

எங்கட சனம் திருந்தினதுக்குச் சாட்சி கேட்கிறீர்களா? 1966 ஒக்ரோபர் 21. சாதித் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது. அடிபட்டபடியே நடந்து போய் முற்றவெளியில் கூட்டம் போட்டார்கள், அதே ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில். அதற்குப் பிந்தின வருஷங்களில் தேநீர்க் கடைகளும் கோயில் வாசல்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்னும் திறக்காததும் உண்டு. இன்றைக்கு நாங்கள் எல்லாரும் ஒரே கடையில் ஒரே கிளாசில் பிளேன்ரீ குடிக்கிறோம் என்றால் அது ஆருடைய நல்ல குணத்தாலும் வந்ததில்லை. நடந்த ஆக்களால் வந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் இருக்கிற அம்மாமாரும் இந்தச் சனம்தான். நியூமார்க்ற்றில் கல்லெறிந்தவர்களை ‘நாகரிகம்’ என்று படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். எங்கட வீதியோரத்து அம்மாமாரைப் பஸ் யன்னலால் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

இருபது கிலோமீற்றர் நடந்திருப்போம். இரவு வந்து காலைத் தூக்கிக் கதிரையில் போட்டுக்கொண்டு சித்தியிடம் எல்லாம் சொன்னோம். 1971 கணக்கைச் சொன்னபோது அவ நம்பவில்லை. “உதெல்லாம் முந்தி. இப்ப பார், எவ்வளவு துப்புரவு.”

அடுத்தநாள் விடிய எங்களுக்கு விமானம். நாலு மணிக்கு எழும்பினபோது சித்தி எங்களுக்கு முதலே எழும்பி வெளிக்கிட்டு நின்றா. முதுகில் பை, கையில் றப்பர் கையுறை. நகரத்துக்குள் இரண்டு மாடி அலுவலகம் ஒன்றை ஆக்கள் வர முதல் கூட்டித் துடைத்துக் கொடுக்க வேண்டும். பதினாறு வருஷமாக அதுதான் வேலை. பஸ்சில் எங்களோடு கூட வந்தா. அந்த நேரத்துப் பஸ்சில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கறுத்த ஆக்கள், பழுப்பு ஆக்கள். எல்லாரும் ஏதோ ஒன்றைத் துடைக்கப் போகிறவர்கள்.

“சித்தி, நேற்றுச் சொன்னியள் இஞ்ச துப்புரவு எண்டு. அதை ஆர் செய்யினம்?”

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. “நாங்கள்தான்,” என்றா. பிறகு சிரித்துக்கொண்டு, “எங்கட சனம்தான்” என்றா.

அவவின் இறங்குமிடம் வந்தது. இறங்கினா.

லீவுக்கு வரப்போகிற மாமாமாருக்கும், கமரா தூக்கிக்கொண்டு போகப்போகிற அண்ணாமாருக்கும் எங்கட வேண்டுகோள் ஒன்றுதான். போங்கோ, நடவுங்கோ, வடிவாகப் பாருங்கோ. படமும் எடுங்கோ. ஆனால் கமராவுக்கு முன்னால் அந்த வசனத்தைச் சொல்ல வாயைத் திறக்க முதல், இந்த நடைபாதைக்கு ஆர் அடிபட்டார்கள், இந்த மாளிகைக்கு எந்த ஊர்க்காசு, இந்தத் தரையை இன்று காலமை ஆர் துடைத்தார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கோ. காரைநகர்ப் பெடியன் இந்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்கிறான். விசா கிடைத்தால் அந்தக் காணொளியை அவன் எடுப்பான்.